இரவு ரயில் மீட்பு இயக்கத் தலைவர்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தம்பி. எனக்கு அங்க பார்க்க ஒண்ணுமில்ல. செம்பனைத் தோட்டம், செம்பனை, செம்பனை, அப்புறம் ஜொகூர் எல்லை. அவ்வளவுதான். பையை மேல வச்சுடுங்க, காலை நீட்டிக்கலாம். தமிழ்நாடுங்களா? பேச்சுலயே தெரியுதே. இங்க வந்து எத்தனை மாசம் ஆச்சு? மூணுதானா? அப்ப உங்களுக்கு எங்க ரயிலைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

என் பேரு கோதண்டபாணி. வீடு கோலாலம்பூர்ல, செந்தூல். வேலை சிங்கப்பூர்ல, கப்பல் பட்டறையில ஸ்டோர் சூப்பர்வைசர். ஆனா ஒரு காலத்துல என்னைத் தலைவர்னுதான் கூப்பிடுவாங்க. கட்சித் தலைவர் இல்ல, கோயில் தலைவர் இல்ல. இரவு ரயில் மீட்பு இயக்கத் தலைவர். நான் பஸ்ல போற ஆளே கிடையாது தம்பி. இப்ப போறேன்னா அது நான் எடுத்த முடிவு இல்ல. ரயில்காரங்க எடுத்த முடிவு.

ஒரு ரயில் இருந்துச்சு. இந்த நாட்டுல ஏறிப் படுத்தா அந்த நாட்டுல முழிக்கலாம். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு சிங்கப்பூர்ல ஏறுவேன், சனிக்கிழமை காலைல கோலாலம்பூர். ஞாயித்துக்கிழமை இங்க ஏறுவேன், திங்கட்கிழமை காலைல சிங்கப்பூர். பதினாலாம் நம்பர், கீழ்ப் படுக்கை. பத்தொன்பது வருஷம் தம்பி. நடுவுல ரெண்டு வாட்டி டெங்கிக் காய்ச்சல், ஒரு வாட்டி என் மாமனார் சாவு. மத்தபடி ஒரு வாரம்கூட விட்டதில்ல.

கேட்பீங்க, குடும்பத்தை சிங்கப்பூருக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு. கூப்பிட்டேனே. முதல் வருஷமே கூப்பிட்டேன். என் வீட்டுக்காரி புஷ்பலீலா, 'வேணாங்க, உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கும்'னுட்டா. அப்படி ஒரு மனசு. ஒரே மகன், அவன் படிச்சு முடிச்சு மெல்பர்ன்ல செட்டிலாயிட்டான். அப்புறமும் கூப்பிட்டேன். 'ரயில்தான் இருக்கே'ன்னா.

அவ என்னைக் கவனிச்சுக்கிட்டதைச் சொல்லணும். சனிக்கிழமை காலைல நான் போய் இறங்கினா வாசல்லயே நிப்பா. பசியாற இடியாப்பமும் கோழிக் குருமாவும். மத்தியானம் நண்டு. சாயங்காலம் ரெண்டு பேரும் கோயிலுக்குப் போவோம். சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கே என் துணியெல்லாம் மடிச்சுப் பையைக் கட்டி வாசல்ல வச்சுடுவா. ரயில் பத்தரைக்கு. ஆறு மணிக்கெல்லாம் என்னைக் கிளப்பிடுவா. ஸ்டேஷன் வீட்லருந்து இருபது நிமிஷம். 'லேட்டாயிட்டா என்னங்க பண்றது'ன்னு பதறுவா. அவ்வளவு பொறுப்பு.

அப்படி இருந்த ரயிலை நிறுத்தப் போறாங்கன்னு நியூஸ் வந்துச்சு. முதல்ல சிங்கப்பூர் உள்ள இருந்த பழைய ஸ்டேஷனை மூடினாங்க, எல்லை ஓரத்துலயே இறக்கி விட்டாங்க. சரின்னு பொறுத்துக்கிட்டோம். அப்புறம் அதுவும் இல்ல, ராத்திரி ரயிலே இனி எல்லை தாண்டாதுன்னுட்டாங்க. பெட்டியில ஆளே இல்லையாம். ஆளே இல்லைன்னா நான் யாரு?

விடுவேனா? இயக்கம் ஆரம்பிச்சேன். ஒரே வாரத்துல தலைவர், ஒரு துணைத் தலைவர், ஏழு உதவித் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர் நாலு பேர். சாதாரண உறுப்பினர்னு பார்த்தா ஒருத்தர்தான் இருந்தார். ரெண்டாவது கூட்டத்துல அவர் கோவிச்சுக்கிட்டார், அவரையும் உதவித் தலைவர் ஆக்கிட்டோம். செயலாளர் அமிர்தலிங்கம் சிங்கப்பூர்ல இருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாம வந்துடுவார், பிளேன்ல. 'ரயில்ல வந்தா தூக்கம் கெட்டுப் போகுது தலைவரே, இயக்க வேலையைத் தெளிவாப் பார்க்க முடியாது'ன்னுவார். நியாயம்தானே? மத்தவங்க காடியில வருவாங்க, காரைத்தான் சொல்றேன். ரயிலுக்காகப் போராடுறவங்க ரயில்லயே போய்க்கிட்டிருந்தா போராட்டத்தை யாரு கவனிக்கிறது?

மகஜர் ஒண்ணு தயாரிச்சோம். மந்திரிக்குக் கொடுக்க. நானூறு கையெழுத்து வேணும்னு தீர்மானம். உதவித் தலைவருங்க எட்டுப் பேரும் சேர்ந்து முப்பத்தொண்ணு கொண்டு வந்தாங்க. நான் பட்டறையில பதினொண்ணு வாங்கினேன், அதுல ரெண்டு ஒரே ஆளு. மிச்சம் எப்படி வந்துச்சு தெரியுங்களா? புஷ்பலீலா! என் மனைவி தம்பி! நான் கேட்கக்கூட இல்ல. எங்க குடியிருப்பு இருக்கே, தாமான், அதுல வீடு வீடா ஏறி இறங்கினா. பாசார்ல, அதான் சந்தையில, நின்னா. மீன் விக்கிற சீனன்கிட்ட வாங்கினா, கிளினிக் மலாய் நர்ஸ்கிட்ட வாங்கினா. முந்நூத்தி ஐம்பத்தெட்டு கையெழுத்து! முட்டிவலிக்காரி, தைலம் தேய்ச்சுக்கிட்டு மறுநாளும் கிளம்பினா. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. புருஷன் வாராவாரம் வீட்டுக்கு வரணும்னு ஒரு பொம்பளைக்கு இவ்வளவு தவிப்பா? கூட்டத்துல எழுந்து இதைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. வெட்கம்.

பெரிய கூட்டம் ஒண்ணு போட்டோம், மண்டபம் எடுத்து. ஒய்.பி. வந்தார். சட்டமன்ற உறுப்பினரை இங்க அப்படித்தான் சொல்லுவோம். ரெண்டு மணி நேரம் லேட்டு. மாலை போட்டோம், பொன்னாடை போத்தினோம். அரை மணி நேரம் அவர் தொகுதியில கட்டின சாக்கடையைப் பத்திப் பேசினார். அப்புறம் மேசையைத் தட்டி, 'இந்த பஸ் சேவையை நிறுத்த நான் விடமாட்டேன்!'னார். அமிர்தலிங்கம் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் காதுல சொன்னார். ஒய்.பி. அசரல. 'பஸ்ஸையும் விடமாட்டேன், ரயிலையும் விடமாட்டேன்!'னார். மண்டபமே அதிர்ந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் பஸ் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? பாதி வாக்கைக் காப்பாத்தினாருன்னு சொல்லணும்.

அந்தச் சூட்டுல நான் எழுந்தேன். மைக்கைப் பிடிச்சா எனக்கு என்னமோ ஆயிடும். 'இந்த ரயில் நின்னா, கோதண்டபாணி இந்த எல்லையைத் தாண்ட மாட்டான்! இது சபதம்!'னேன். கைத்தட்டுன்னா அப்படி ஒரு கைத்தட்டு. முதல் வரிசையில புஷ்பலீலா மட்டும் தட்டல. கையை மடியில வச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. பேச்சு அவளை அப்படிக் கட்டிப் போட்டிருச்சு.

மகஜர் கொடுத்தோம். யாரோ ஒரு ஆபீஸர் வாங்கி, தேதி குத்தி, உள்ள வச்சார். அதோட சரி.

கடைசி ரயில் அன்னிக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்க. வருஷக்கணக்கா காலியா ஓடுதுன்னாங்களே, அன்னிக்குக் குண்டூசி போட இடமில்ல. எங்கெங்கிருந்தோ கேமராவும் கையுமா வந்துட்டானுங்க. ஜப்பான்காரன், வெள்ளைக்காரன், இதுவரைக்கும் ரயிலையே பார்க்காத நம்ம ஆளுங்க. இன்ஜினைத் தொட்டு அழறாங்க! எனக்கு டிக்கெட் கிடைக்கல தம்பி. தலைவருக்கு டிக்கெட் இல்ல. என் பதினாலாம் நம்பர்ல ஒரு ஜெர்மன்காரன் செருப்பைக் கழட்டிட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கான். 'இது என் இடம்'னேன். டிக்கெட்டைக் காட்டினான். பிளாட்பாரத்துல நின்னு கையாட்டினேன். அவன்தான் பதிலுக்குக் கையாட்டினான்.

மறுவாரம், கணக்கை முடிக்கக் கடைசியா ஒரே ஒரு வாட்டி போய், பட்டறையில மேனேஜர் மிஸ்டர் ஊய்கிட்ட கடிதம் கொடுத்தேன். 'ரயில் நிறுத்தப்பட்டதைக் கண்டித்து என் பதவியை ராஜினாமா செய்கிறேன்.' அவர் ரெண்டு வாட்டி படிச்சார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டார். வருத்தத்தை நீட்டிக்கிட்டே போகக் கூடாதுன்னுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். 'லீலா, வேலையை விட்டுட்டேன். இனிமே நிரந்தரமா உன்கூடத்தான்.' அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. கத்தியைக் கீழ வச்சா. 'நிரந்தரமான்னா?'ன்னு கேட்டா. 'நிரந்தரமான்னா நிரந்தரமா'ன்னேன். பொலபொலன்னு கண்ணீர் விட்டா தம்பி. வெங்காயம்னா. எனக்குத் தெரியாதா? மறுநாள் பார்த்தா ஐஸ்பெட்டிக் கதவுல சிங்கப்பூர் பஸ் நேரப் பட்டியல் நாலு ஒட்டியிருக்கு. 'எதுக்கு இது?'ன்னேன். 'சும்மா, கதவு வெறுமையா இருந்துச்சு'ன்னா.

இங்கதான் ஒரு விஷயம். பத்தொன்பது வருஷமா சனி, ஞாயிறு பார்த்தவன் நான். என் வீட்டுத் திங்கட்கிழமை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அவ பாலர்பள்ளி நடத்துறான்னு தெரியும். நாலு பிள்ளைங்க வரும், பாட்டுச் சொல்லிக் கொடுப்பா, பொழுது போகும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். திங்கட்கிழமை காலைல கைலியைக் கட்டிக்கிட்டு, பேப்பரை எடுத்துக்கிட்டு ஹால்ல வந்து உட்கார்ந்தேன். ஏழரை மணிக்குக் கதவைத் திறந்தா இருபத்தாறு பிள்ளைங்க! ரெண்டு டீச்சர்! என் நாற்காலியைச் சுத்தி நின்னு வேடிக்கை பார்க்குதுங்க. ஒரு வாண்டு, 'டீச்சர், சனிக்கிழமை தாத்தா இன்னிக்கு ஏன் வந்திருக்கார்?'னு கேக்குது. லீலா வந்து, 'உள்ள போய்க் கைலியை மாத்துங்க'ன்னா. என் வீட்ல, என் ஹால்ல.

புதன்கிழமை சாயங்காலம் காணோம். ஏழு மணி, எட்டு மணி. போலீசுக்குப் போகலாமான்னு யோசிக்கிறேன், வர்றா. கால்ல வெள்ளை ஷூ, கையில பேட்டு. பேட்மின்டன் தம்பி! ஒன்பது வருஷமா ஆடுறாளாம். அலமாரி மேல ஒரு கப் இருக்கும், மகன் ஸ்கூல்ல வாங்கினதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தா அவ பேரு. 'முட்டிவலின்னியே?'ன்னேன். 'ஆடுனாத்தான் வலி'ன்னா. 'ஏன் என்கிட்ட சொல்லல?'ன்னேன். 'நீங்க கேட்கல'ன்னா. அன்னிக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவே இல்ல. ஏன்னு தெரியல. மீன் பழசோ என்னவோ.

சரி, வந்தது வந்தாச்சு, அவளுக்கு ஒத்தாசையா இருப்போம்னு முடிவு பண்ணினேன். பாலர்பள்ளியைப் பார்த்தா ஒரே அலங்கோலம். வண்ணப் பென்சில் எல்லாம் ஒரு டப்பாவுல கிடக்கு, யார் வேணா எடுக்கலாம்! முப்பது வருஷம் ஸ்டோர் பார்த்தவன் நான். அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. பென்சில் வேணும்னா அட்டையைக் கொடுக்கணும், வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துட்டு அட்டையை வாங்கிக்கணும். கப்பல் பட்டறையில ஸ்பானருக்கு அப்படித்தான். மூணு நாள் பிரமாதமா நடந்துச்சு. நாலாம் நாள் ஹர்ஷிதான்னு ஒரு பிள்ளை, நாலு வயசு, ஆரஞ்சுக் கலர் எடுத்தவ திருப்பிக் கொடுக்கிறப்ப அரை இன்ச் குறையுது. 'அரை இன்ச் எங்க?'ன்னு கேட்டேன். அதட்டல, மிரட்டல. சும்மா விசாரணைதான். 'சூரியன்ல இருக்கு தாத்தா'ன்னு சொல்லி படத்தைக் காட்டிட்டு ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அதைப் பார்த்து மத்த இருபத்தஞ்சும் அழுதுச்சு. அந்த வாரமே மூணு பெத்தவங்க பிள்ளையை நிறுத்திட்டாங்க. பிள்ளைங்களுக்கு ஒழுங்கு வேணாம்னு நினைக்கிற காலம் இது.

சாயங்காலம் பிள்ளைங்கெல்லாம் போனப்புறம் புஷ்பலீலா வந்து எனக்கு எதிர்ல உட்கார்ந்தா. அந்தக் குட்டி நாற்காலி இருக்கே, பாலர்பள்ளி நாற்காலி, அதுல. கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். 'என்னங்க,'ன்னா. 'நீங்க நல்லவர்தான்.' நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஆனா நீங்க சனிக்கிழமைக்கு நல்லவர். வாரத்துல ஏழு நாளைக்கும் என்னால முடியல.'

நல்லவர்னு சொல்லிட்டா பாருங்க. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துல வாயைத் திறந்து அப்படிச் சொன்னது அன்னிக்குத்தான். பின்னால சொன்னது சோர்வுல வந்த பேச்சு. நாள் பூரா பிள்ளைங்களோட கத்துறவளுக்கு அசதி இருக்காதா?

இருந்தாலும் வீட்ல உட்கார என்னமோ மாதிரி இருந்துச்சு. வெள்ளிக்கிழமை கிளம்பி ஸ்டேஷனுக்குப் போனேன். எதுக்குன்னு கேட்காதீங்க. எங்க ரயில் வந்து நின்ன பிளாட்பாரத்துக்கு மேல் மாடியில ஒரு பெஞ்சு இருக்கு. அங்க உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்த பங்களாதேஷ்காரர், 'எந்த ரயில் அங்கிள்?'னு மலாய்ல கேட்டார். டிக்கெட் இருக்கான்னு சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். எங்க போகணும்னு ஒரு மனுஷனுக்குத் தெரியாமப் போனா எப்படி இருக்கும்? போகவும் ரயில் இல்ல, திரும்பவும்... சரி விடுங்க. கொஞ்சம் இருங்க, காலை மடக்கிக்கிறேன், அந்தம்மா முன்னால போகணும் போலிருக்கு.

மறுநாளே போன் தம்பி. மிஸ்டர் ஊய்! பட்டறையில ஒரு சாமானும் எங்க இருக்குன்னு தெரியலையாம், நான் வந்தாத்தான் ஆகுமாம். அப்படியேவா சொன்னார்னா, அப்படியே சொல்லல. 'உன் மனைவி ஆறு தடவை பேசிட்டாங்க. சரி, திங்கட்கிழமை வா'ன்னார். ஆனா அர்த்தம் அதுதானே? அவர் கௌரவம் பார்க்கிற ஆளு, எடுத்த எடுப்புல என்கிட்டயே கெஞ்ச முடியாது, முதல்ல இவ மூலமாத் தூது விட்டிருக்கார். அவருக்குத் தமிழ் வராது, இவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. ரெண்டு பேரும் மலாய்ல பேசியிருக்காங்க, என்னை வேலைக்கு எடுக்க.

ஆனா சபதம் இருக்கே! மண்டபத்துல அத்தனை பேர் முன்னால சொன்ன சபதம். 'என் உயிரே போனாலும் எல்லை தாண்ட மாட்டேன் லீலா'ன்னேன். அவ எங்கேயோ போய் இயக்கத்தோட கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துட்டு வந்தா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சா. 'தலைவர், ரயில் நின்றால் எல்லையைத் தாண்டப் போவதில்லை என்று உணர்ச்சிபூர்வமாக அறிவித்தார்.' புத்தகத்தை மூடினா. 'ரயில் நின்னா எப்படிங்க தாண்ட முடியும்? ரயில்ல தாண்ட மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க. பஸ்ஸைப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்லையே.' நான் வாங்கிப் படிச்சேன். இல்லதான் தம்பி! பஸ்னு ஒரு எழுத்து இல்ல! என்ன மூளை பாருங்க அவளுக்கு. என் மானமும் போகல, வேலையும் போகல. யோசிச்சுச் சொல்றேன்னு உள்ள போய்ப் பார்த்தா பை கட்டி ரெடியா இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டேஷனுக்குத் தானே காடி ஓட்டிக்கிட்டு வந்து விட்டா. அவளுக்குக் காடி ஓட்டத் தெரியும்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதுலருந்து இதோ, வாராவாரம் இப்படித்தான். வெள்ளிக்கிழமை பஸ்ல வந்தா அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா மிஸ்டர் ஊய் சனிக்கிழமையும் அரைநாள் வேலை வேணும்னுட்டார். அதுவும் அவதான் ஒத்துக்கிட்டா, என்னைக் கேக்காம. சனிக்கிழமை சாயங்காலம் வீடு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பஸ். போனதும் நண்டு இருக்கும். பக்கத்துல உட்கார்ந்து ஓடு உடைச்சுக் கொடுப்பா. இப்பெல்லாம் நானும் கேக்குறேன், பேட்மின்டன் ஜெயிச்சியான்னு. சொல்றா. கையை வீசி வீசிச் சொல்றா, அந்தப் பந்து இப்படி வந்துச்சு, நான் இப்படி அடிச்சேன்னு. முகமே வேற மாதிரி ஆயிடுது. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா கேட்க நல்லா இருக்கு.

பாலர்பள்ளி அலமாரிப் பூட்டை எடுத்துட்டா. அது அவ இஷ்டம்.

போன வாரம் ஒரு நியூஸ் சொன்னேன் அவகிட்ட. ஏதோ வேக ரயில் விடப் போறதா பேச்சு அடிபடுதாமே, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஒண்ணரை மணி நேரத்துல சிங்கப்பூராம். 'லீலா, அது மட்டும் வந்துச்சுன்னா காலைல போயிட்டு சாயங்காலமே வந்துடுவேன். தினம் வீட்ல படுக்கலாம்'னேன். மீன் பரிமாறிக்கிட்டிருந்தவ, கரண்டி அப்படியே நிக்குது. முகம் வெளிறிப் போச்சு. சந்தோஷம் ஒரேயடியா வந்தா சில பேருக்கு அப்படித்தான்.

'எப்ப வருதாம்?'னு கேட்டா.

'பேச்சுத்தான் நடக்குது. கட்டி முடிக்கப் பத்து வருஷம் ஆயிடும்'னேன்.

'பத்து வருஷமா?'ன்னா. அப்பத்தான் மூச்சு வந்துச்சு அவளுக்கு. 'அப்படின்னா சரி. மெதுவாக் கட்டட்டும், என்ன அவசரம்?'னு சொல்லிட்டு என் தட்டுல இன்னொரு துண்டு மீன் வச்சா. வாலு இல்ல தம்பி, நடுத்துண்டு.

பத்து வருஷம்! எனக்கு எழுபத்தி மூணு ஆயிடும். அதுவரைக்கும் பரவாயில்லைங்கிறா. நீங்களே சொல்லுங்க, இந்தக் காலத்துல எந்தப் பொண்டாட்டி புருஷனுக்காக அவ்வளவு காலம் காத்திருப்பா?